"கொல்லும்" என்று எழுதினேன்

பட்டான்செருவுக்கு நான் வந்தது சொற்களைத் தேடி. பயிர்ப் பாதுகாப்புக் கையேடுகள் தமிழிலும் தெலுங்கிலும் எவ்வாறு மொழிபெயர்க்கப்படுகின்றன என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. மொழியியலில் முதுகலை முடித்த எனக்குச் செடிகளைப் பற்றித் தெரிந்தது குறைவு; சொற்களைப் பற்றித் தெரியும் என்ற நம்பிக்கை மட்டும் மிகுதி. அந்த நம்பிக்கையை ஒரு வினைமுற்று உடைத்தது.

சென்ற ஆண்டு, தாவர நறுமண எண்ணெய்கள் குறித்த துண்டறிக்கை ஒன்றைத் தமிழாக்கினேன். ஆங்கிலத்தில் அவற்றுக்குள்ள பெயரைக் கணினி "அத்தியாவசிய எண்ணெய்" என்று பெயர்த்திருந்ததைப் பார்த்துச் சிரித்தவள் நான். ஆய்வகத்தில், இலைத்துண்டுகளின் மேல் விடப்பட்ட இருபுள்ளிச் சிலந்திப்பேன்களை ஓம எண்ணெய் கொன்றது என்பது மூலத்தின் செய்தி. "ஓம எண்ணெய் சிலந்திப்பேனைக் கொல்லும்" என்று சுருக்கினேன். இலக்கணப் பிழை ஏதுமில்லை. அதைப் பெருமையுடன் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் பகிர்ந்தேன்.

கிருஷ்ணகிரிக்கு அருகே என் சித்தப்பா நிலக்கடலையில் ஊடுபயிராகத் துவரை விதைத்திருந்தார். செடிகள் புதர்போல் அடர்ந்தன, இலைகள் சிறுத்து வெளிறின, பூக்கவில்லை. மலட்டுத் தேமல் நோய். தெலுங்கில் இதனை "வெர்ரி தெகுலு", அதாவது பித்து நோய் என்பர். பேன்தான் இதைப் பரப்புகிறது என்று கேள்விப்பட்டிருந்தவர், ஓம எண்ணெயை வாங்கித் தண்ணீரில் ஊற்றித் தெளித்தார். எண்ணெய் நீரில் கலக்காமல் மிதந்தது. துளிகள் விழுந்த இடங்களில் இலைகள் கருகின. பூ மட்டும் வரவேயில்லை. தொலைபேசியில் அவர் கோபப்படவில்லை. "கொல்லும்னு நீதானே பாப்பா எழுதியிருந்தே?" என்று மட்டும் கேட்டார்.

பிறகுதான் பூச்சியியல் படிக்கும் தோழியிடம் பாடம் கேட்டேன். இந்நோய் 1931இல் பீகாரின் பூசாவில் பதிவாயிற்று. நோய்க்காரணி ஒரு வைரசு என்பது உறுதிப்பட ஏறத்தாழ 70 ஆண்டுகள் ஆயின. அதில் 1972இல் பட்டான்செருவில் தொடங்கப்பெற்ற இக்ரிசாட்டின் பங்கு பெரிது. வைரசைச் சுமப்பது அசேரியா கஜானி. நீளம் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர், கால்கள் நான்கே. துண்டறிக்கையில் கூறப்பட்ட எட்டுக்கால் சிலந்திப்பேன் வேறு, இது வேறு. காற்றில் மிதந்து வந்து இலையின் அடிப்பகுதியில் இறங்கி, 90 நிமிடம் உண்டாலே நோயை ஏற்றிவிட அதனால் இயலும். நோயுற்ற செடி மீள்வதில்லை.

நறுமண எண்ணெய்கள் பயனற்றவை அல்ல. ஓமத்தின் தைமாலும் கிராம்பின் யூஜெனாலும் பேன்களைக் கொல்லவல்லவை. தேன்கூட்டில் வரோவா பேனுக்கு எதிராகத் தைமாலைப் பயன்படுத்துகின்றனர். ஆனால் கூடு மூடிய இடம். இவ்வெண்ணெய்கள் விரைவில் ஆவியாகிவிடுபவை. விளைபொருளில் நஞ்சு தங்காதது அதனால் விளையும் நன்மை; காவலும் தங்காதது அதே பண்பின் குறை. திறந்த வயலில் நாள்தோறும் காற்றில் வந்திறங்கும் பேனை, நேற்றே ஆவியான எண்ணெய் எவ்வாறு தடுக்கும்? துவரைக்கு ஏற்ற வழி, நோயைத் தாங்கும் வகைகளை விதைப்பதும், நோயுற்ற செடிகளைத் தொடக்கத்திலேயே பிடுங்குவதும், வரப்பில் நிற்கும் பழைய துவரையை அகற்றுவதுமே. வைரசும் இடத்துக்கு இடம் மாறுபடுகிறது. பட்டான்செருவில் தாங்கிய வகை பெங்களூருப் பக்கம் தோற்பதுண்டு. ஆகவே வகையையும் அந்தந்த வட்டாரத்தில் கேட்டறிய வேண்டும்.

என் வாக்கியத்துக்குத் திரும்பிப் பார்த்தேன். "ஆய்வகத்தில்" என்பது உதிர்ந்திருந்தது. "இருபுள்ளி" என்ற அடை உதிர்ந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, "கொன்றது" "கொல்லும்" ஆகியிருந்தது. நெருப்பு சுடும், நீர் குளிரும் என்று என்றும் மாறாத இயல்பைக் கூறத் தமிழ் கையாளும் வடிவம் அது. ஒரு நாள் ஒரு தட்டில் நிகழ்ந்ததை நான் இயற்கை விதியாக்கிவிட்டேன். கணினியின் பிழை எவர் வயலையும் கருக்கவில்லை.

துண்டறிக்கையின் வரி இப்போது இது: "ஆய்வகத்தில், இலைத்துண்டுகளின் மேல், ஓம எண்ணெய் இருபுள்ளிச் சிலந்திப்பேன்களைக் கொன்றது. துவரையின் மலட்டுத் தேமலுக்கு இதனை நம்ப வேண்டா." நீண்டுவிட்டதுதான். முதலில் சித்தப்பாவுக்கே அனுப்பினேன். "இதை அப்பவே எழுதியிருக்கலாமே" என்றார்.

அறிவியலைத் தமிழில் எழுதும் நண்பர்களே, சுருக்கும்போது காலம் காட்டும் விகுதியை ஒருமுறை சரிபாருங்கள்.