ஒற்றை ஆளுக்கு ஓர் அறை

கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்ய வருகிறவர்கள் முதலில் கேட்பது பால்கனியைத்தான். கோவையில் உட்கார்ந்து டிக்கெட் போடுகிற எனக்கு அந்த ஆசை நன்றாகவே புரிகிறது. கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்குத் தண்ணீர் என்றால் கிணறு, வாய்க்கால், மிஞ்சினால் பவானிசாகர் அணை. கடலுக்குப் போவதென்று ஆன பிறகு அதைப் படுத்தபடியே பார்க்கத்தான் மனம் கேட்கும். ஆனால் வந்தவர் தனியாகப் போகிறவர் என்று தெரிந்தால், நான் முதலில் கப்பலின் தள வரைபடத்தை மேசையில் விரித்துவிடுவேன்.

பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சொகுசுக் கப்பலில் விற்பது அறை. விளம்பரத்தில் போடும் கட்டணம், இருவர் சேர்ந்து தங்கினால் தலைக்கு இவ்வளவு என்பது. ஒருவர் மட்டும் தங்கினால் 'சிங்கிள் சப்ளிமென்ட்' ஏறி, பல சமயம் கிட்டத்தட்ட இரண்டு பேர் காசு ஆகிவிடும். சென்னையிலிருந்து அந்தமான் போகும் அரசுக் கப்பல்களில் இந்தத் தொல்லை கிடையாது. பங்க் முதல் டீலக்ஸ் வரை, சேரன் எக்ஸ்பிரஸில் பெர்த் எடுப்பது மாதிரி, அவரவர் படுக்கைக்குத்தான் காசு. 2010இல் வந்த நார்வீஜியன் எபிக் என்ற பெரிய கப்பலில் தனி ஆட்களுக்கென்றே 128 சிற்றறைகள் கட்டினார்கள். கடல் பார்த்த சன்னல் அவற்றுக்கு இல்லை. ஆனால் அந்த அறைக்காரர்கள் மட்டும் கூடிப் பேசுவதற்கு ஒரு கூடம் வைத்தார்கள். அதைத் திட்டமிட்டவர்களுக்குத் தனியாகப் போகிறவரின் மனது தெரிந்திருக்கிறது.

பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புக்கார அம்மா ஒருவர், கணவர் தவறிய பிறகு தனியாகப் போக வந்தார். செலவைக் குறைக்க உள்ளறையைக் காட்டினேன். "ஏனுங் தம்பி, சன்னலே இல்லாத ரூம்புல படுத்துட்டு வந்து, கடலைப் பாத்தேன்னு ஊருல சொல்ல முடியுமுங்களா?" என்றார். "முடியாதுங்கம்மா" என்றேன்.

அவர் சொன்னதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. உள்ளறையில் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. விழிப்பு வந்தால் விடிந்ததா இல்லையா என்று தெரியாது. இரண்டு பேர் என்றால் ஒருவர் மற்றவரை எழுப்பிவிடுவார். தனி ஆள் காலை உணவு நேரம் தாண்டியும் தூங்கிக்கொண்டிருப்பார். குமட்டல் வந்தால் தொடுவானத்தைப் பார்ப்பது நல்லது. அதற்கும் எழுந்து மேல்தளம் வரை நடக்க வேண்டும். நன்றாகத் தூங்கி, எழுந்ததும் வெளியே கிளம்பிவிடுகிற இளவட்டங்களுக்கு உள்ளறையைத் தாராளமாகப் போடுவேன். முதல் தடவை கடலேறும் பெரியவர்களுக்குப் போடுவதில்லை.

அப்படியானால் பால்கனி? அதற்கும் நான் தயங்குவேன். நாற்காலி, கடல், காற்று எல்லாம் அறைக்குள்ளேயே கிடைத்துவிட்டால், கூச்சமுள்ளவர் கதவைத் திறக்கவே மாட்டார். கணவன் மனைவி உட்கார்ந்து பேச அருமையான இடம் அது. ஒற்றை ஆளை அது ஒளித்து வைத்துவிடுகிறது. எழுதுகிறவர், யாருடைய பேச்சும் வேண்டாமென்றே போகிறவர் கேட்டால் மறுக்க மாட்டேன்.

ஆகவே என் கை பெரும்பாலும் போவது திறக்க முடியாத கண்ணாடிச் சன்னல் உள்ள கடல்பக்க அறைக்கு. அதிலும் எந்த அறை என்பதில்தான் என் வேலையே இருக்கிறது. அலையில் கப்பலின் முனைகள்தான் அதிகம் ஏறி இறங்கும். உயரம் கூடக் கூடப் பக்கவாட்டு ஆட்டமும் தெரியும். நடுப்பகுதி, கீழ்த்தளம், இந்த இரண்டும் கிடைத்தால் வகையில் ஒரு படி இறங்கினாலும் நஷ்டமில்லை. மேலேயும் கீழேயும் அறைகளே இருக்க வேண்டும். நீச்சல்குளத் தளத்துக்கு அடியில் என்றால் விடியற்காலையிலேயே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். வரைபடத்தில் எதுவும் எழுதாமல் வெள்ளையாக விட்ட கட்டங்களுக்குப் பக்கத்தில் நான் யாரையும் படுக்க வைப்பதில்லை. அநேகமாகப் பணியாளர்கள் தள்ளுவண்டி உருட்டும் இடங்கள் அவை. பக்கத்து அறைக்கு இணைப்புக் கதவு இருந்தால் பேச்சுச் சத்தம் வரும். சன்னலை உயிர்காப்புப் படகு மறைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மாடிப்படிக்கு அருகே இருக்கட்டும், லிஃப்ட்டை ஒட்டி வேண்டாம்.

கொச்சியிலும் சென்னையிலும் நம்மவர்கள் ஏறியிருக்கும் கொர்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ், 1990இல் வேறு பெயரில் ஓடத் தொடங்கிய கப்பல். 2022 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட ஆரம்பித்தது. புதிய கப்பல்களைப் போல அதில் வரிசையாகப் பால்கனிகள் இல்லை. உள்ளறையா சன்னலா என்பதே பலருக்கும் கேள்வி. கொச்சியிலிருந்து மும்பை நோக்கி வடக்கே போகும்போது இடப்பக்க அறைக்குச் சூரியன் மறைவது தெரியும். சென்னையிலிருந்து விசாகப்பட்டினம் போகையில் வலப்பக்கத்துக்கு உதயம். இதையும் கேட்டுத்தான் எண்ணைக் குறிப்பேன். மேற்குக் கரை ஜூன் முதல் செப்டம்பர் வரை கொந்தளிக்கும்; அந்த மாதங்களில் எந்த அறையும் முழுதாகக் காப்பாற்றாது.

விலை குறைகிறதென்று அறை எண்ணைக் கப்பல்காரர்களிடமே விட்டுவிடும் 'கேரண்டி' பதிவைத் தனியாகப் போகிறவர்களுக்கு நான் செய்வதே இல்லை. பொள்ளாச்சி அம்மாவுக்கு நடுவில், கீழ்த்தளத்தில், இடப்பக்கத்துச் சன்னல் ஒன்று அமைந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் எட்டுப் பேர் உட்காரும் மேசையாகப் பார்த்து இடம் கேட்கும்படி, டிக்கெட்டோடு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன்.