ஆமைக்கு எதற்குப் போர்வை?

இங்கிலாந்தில் அக்டோபர் பிறந்தால் போதும், "பாவம், குளிருமே" என்று பெட்டி நிறைய வைக்கோலை அமுக்கி, நடுவில் ஆமையைச் செருகி, குளிர்காலத் தூக்கத்துக்குத் தயார் என்று என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். கடையிலேயே அதைத்தான் படுக்கை என்று விற்கிறார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வைக்கோலில் பூஞ்சை பிடிக்கும். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால், ஆமையால் நம்மைப் போல இருமித் தள்ள முடியாது. பைன், சீடார் சீவலோ இன்னும் மோசம். அதன் எண்ணெய் வாசமே மூச்சுக்குக் கேடு.

படுக்கை சூடு தரும் என்ற நினைப்புதான் கோளாறு. ஆமையின் உடம்பு தனக்கென்று சூடு உண்டாக்கிக்கொள்ளாது. எதைப் போர்த்தினாலும் வெளிக்குளிர் உள்ளே வந்தே தீரும். மெதுவாக வரும், அவ்வளவுதான். அதற்காகத்தான் பெட்டிக்குள் பெட்டி, இடையில் தெர்மாகோல், உள்ளே நறுக்கிய காகிதம். ஹார்ஸ்ஃபீல்டு ஆமை மண்ணில் புதைந்து பழகிய இனம்; அதற்கு உரம் கலக்காத மண். பெட்டிக்குள் வெப்பம் 5 டிகிரி செல்சியஸில் நிற்க வேண்டும். 10 தாண்டினால் விழிப்புத் தட்டி, சேர்த்துவைத்த கொழுப்பு வீணாகும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் கண் போய்விடும்.

ஆமையைத் தூங்கவைக்க எனக்குக் கற்றுக்கொடுத்த அம்மாள் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "வயிறு காலியா?" அதுதான் முதல் கேள்வி. தீனி நிறுத்தி மூன்று வாரமாவது ஆகியிருக்க வேண்டும். தினமும் வெதுவெதுப்பான நீரில் குளியல் மட்டும் நடக்கும். குடலில் ஓர் இலை தங்கினாலும் குளிரில் செரிக்காது, அழுகும். பிறகு தராசில் வைத்து, ஓட்டின் நீளத்தை அளந்து, ஆலிஃபன்ட் ஜாக்சன் என்ற கால்நடை மருத்துவர் ஹெர்மன், கிரேக்க இன ஆமைகளுக்குப் போட்ட அட்டவணையோடு ஒப்பிடுவார். எடை குறைந்தால் அந்த வருடம் தூக்கம் கிடையாது. யார் கெஞ்சினாலும் அசைய மாட்டார். 1984-இல் இறக்குமதி தடையாகும்வரை மத்தியதரைக் கடல் பக்கமிருந்து இங்கே வந்து குவிந்த ஆமைகளில் ஏராளமானவை முதல் குளிர்காலத்தையே தாண்டவில்லை. அதையெல்லாம் கண்ணால் பார்த்தவர் அவர்.

இப்போது ஆமையை ஃப்ரிட்ஜில் தூங்கவைக்கும் முறை வந்திருக்கிறது. நல்ல முறை, நானும் அதற்கு மாறிவிட்டேன். கதவை அடிக்கடி திறந்து காற்று விட்டால் போதும். ஆனால் ஃப்ரிட்ஜ் வாங்கியதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பட்டினி மூன்றே நாள். நடுவில் சிறுநீர் கழித்தால் உடனே எழுப்பி நீரில் விட வேண்டும் என்பதுகூடத் தெரியாது. தூங்கவே கூடாத நட்சத்திர ஆமையையும் உள்ளே வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். எடை எவ்வளவு என்று கேட்டால் கைபேசியில் படம் காட்டுகிறார்கள். ஃப்ரிட்ஜுக்காக நாலு கடை ஏறி இறங்கியவர்களுக்கு, சமையலறைத் தராசில் ஆமையை ஒரு நிமிடம் வைத்துப் பார்க்க நேரமில்லை.