வரும் ஒலி, போகும் ஒலி

இரயில் பாதையருகே நின்றவர் எவரும் இதைக் கவனித்திருப்பர். ஊதிக்கொண்டே விரைந்து வரும் வண்டியின் ஒலி கூர்மையாகக் கேட்கிறது. நம்மைக் கடந்ததும் அதே ஊதல் சட்டெனத் தாழ்ந்து, கனத்த குரலாகி விடுகிறது. ஓட்டுநர் ஊதலை மாற்றவில்லை. வண்டிக்குள் இருப்போர் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே சுருதியையே கேட்கின்றனர். நம் செவியும் பிழை செய்யவில்லை. வரும் வண்டி தான் எழுப்பும் ஒலியலைகளை நெருக்கிக்கொண்டே வருவதால், நொடிதோறும் மிகுதியான அலைகள் நம்மை எட்டுகின்றன. போகும் வண்டியோ அவற்றை நீட்டிக்கொண்டே போவதால், எட்டும் அலைகள் குறைகின்றன.

இன்றைய ஆஸ்திரியாவிலுள்ள சால்ஸ்பர்க் நகரில் 1803ஆம் ஆண்டு பிறந்த கிறிஸ்டியன் டாப்ளர் என்னும் அறிஞர், 1842இல் பிராகு நகரில் இரட்டை விண்மீன்களின் நிறத்தைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். மேற்கூறிய விதி அதில்தான் வகுக்கப்பெற்றது. ஹாலந்து நாட்டு இளம் அறிஞர் பாய்ஸ் பலோட் அதை ஐயுற்றார். விண்மீனை விட்டு, ஒலியில் சோதித்துப் பார்க்க விரும்பினார். 1845 பிப்ரவரியில் அவர் செய்த முதல் முயற்சியைக் கடுங்குளிர் கெடுத்தது. மீண்டும் அவ்வாண்டு ஜூன் மாதத்தில், உட்ரெக்ட் நகருக்கும் மார்சன் என்னும் ஊருக்கும் இடையிலான இரயில் பாதையில் வண்டி ஓடியது. வண்டியில் கொம்பு ஊதுவோர் இருந்தனர். பாதையோரத்தில் சுருதி தேர்ந்த இசைவல்லுநர் செவி சாய்த்து நின்றனர். வருகையில் சுருதி உயர்ந்ததையும் போகையில் தாழ்ந்ததையும் அவர்கள் கேட்டனர். விண்மீன்களின் நிறத்தைப் பற்றிய ஐயம் நீங்காதபோதும், ஒலியைப் பொறுத்தவரை விதி உண்மையென்பதை பாய்ஸ் பலோட் ஒப்புக்கொண்டார்.

இந்த விளைவைக் கொண்டே ஒலியின் வேகத்தை அளக்க முடியும் என்பது நமக்கு வியப்பளிக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவியும், 1709இல் இங்கிலாந்தின் அப்மின்ஸ்டர் ஊர்க் குருவான வில்லியம் டெர்ஹாமும் இவ்வேகத்தை அளந்தவர்கள். தொலைவில் துப்பாக்கி வெடிக்கும் ஒளியைக் கண்டு, ஓசை வந்து சேரும்வரை நொடிகளை எண்ணுவது அன்றைய முறை. தொலைவும் நேரமும் அதற்குத் தேவை. டாப்ளர் முறைக்கோ வண்டியின் வேகமும், வரும் ஒலி, போகும் ஒலி ஆகிய இரண்டின் அதிர்வெண்களும் போதும். ஒலியைப் பதிந்து அதிர்வெண்ணைக் காட்டும் வசதி இன்று கைப்பேசியிலேயே உண்டு.

வண்டி நொடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். வரும்போது அதிர்வெண் 425 ஹெர்ட்ஸ். போகும்போது 378 ஹெர்ட்ஸ். இரண்டின் கூட்டுத்தொகை 803, வேறுபாடு 47. கூட்டுத்தொகையை வேறுபாட்டால் வகுத்து, வண்டியின் வேகத்தால் பெருக்கினால், நொடிக்கு ஏறத்தாழ 342 மீட்டர் எனக் கிடைக்கிறது. 20 பாகை செல்சியசில் காற்றில் ஒலியின் வேகம் 343 மீட்டர் என்று நூல்கள் கூறுவதற்கு இது மிக நெருங்கியது. ஆனால் போகும் ஒலியை 378 என்பதற்குப் பதிலாக 379 என்று குறித்துவிட்டால், விடை 350ஐ எட்டிவிடும். அவ்வளவு நுட்பமாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

இக்கணக்கில் இரண்டு செய்திகள் நம் சிந்தனைக்கு உரியன. ஊதலின் உண்மைச் சுருதி நமக்குத் தெரிந்திருக்கத் தேவையில்லை. வருவதையும் போவதையும் கேட்டால் போதும். கிடைக்கும் விடையோ ஊதலைப் பற்றியதன்று, வண்டியைப் பற்றியதுமன்று. இடையில் நிற்கும் காற்றைப் பற்றியது. காற்று குளிர்ந்தால் அவ்வேகம் குறைகிறது, வெம்மையுற்றால் கூடுகிறது.

நம் பங்குகளை நாம் எவ்வாறு அளக்கிறோம்? திருவிழாவுக்கு வருவோரின் ஆர்வம், புதிதாகக் குடியேறிய குடும்பத்தின் மகிழ்ச்சி, அன்பியக் கூட்டத்தில் எழும் பாடல் ஆகிய வரும் ஒலிகளையே எண்ணி மனநிறைவு கொள்கிறோம். மனம் நொந்து விலகியோர், வேறு சபையை நாடியோர், ஒரு சொல்லால் புண்பட்டு ஞாயிறு திருப்பலிக்கு வருவதையே நிறுத்தியோர் ஆகியோரின் குரல் தாழ்ந்து ஒலிக்கிறது. 'அவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்' என்று சொல்லி அதைத் தள்ளிவிடுகிறோம். வருவோர் மிகைப்படுத்துவதாகவோ போவோர் பழி கூறுவதாகவோ நாம் கருத வேண்டியதில்லை. இருவரும் தாம் செல்லும் திசையிலிருந்து பேசுகின்றனர். இரண்டையும் ஒருசேரக் கேட்டால், நாம் அனைவரும் மூச்சுவிடும் அந்தப் பங்கின் காற்று எத்தகையது என்பது விளங்கும். ஒன்றை மட்டும் கேட்டுக் கணக்கிட்டால் விடையே கிடைக்காது.

லூக்கா நற்செய்தியின் 24ஆம் அதிகாரத்தில், இரு சீடர் எருசலேமை விட்டு எம்மாவுக்குச் செல்கின்றனர். அவர்களுடைய பேச்சு தாழ்ந்த சுருதியில் இருந்தது. நம்பியிருந்தோம், வீணாயிற்று என்ற தொனி. உயிர்த்த ஆண்டவர் அவர்களை வழிமறித்துக் கண்டிக்கவில்லை. உடன் நடந்து, என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று முதலில் கேட்டார். முழுவதும் கேட்ட பின்னரே கடிந்துகொண்டார், மறைநூலை விளக்கினார். அன்றிரவே அவ்விருவரும் எருசலேமுக்குத் திரும்பினர்.

அடுத்த பங்குப்பேரவைக் கூட்டத்தில் வந்தோரின் எண்ணிக்கையைப் படிக்கும்போது, வராமற்போனோர் எவர் என்றும் கேட்போம். அவர்களுள் ஒருவர் வீட்டுக்கேனும் அவ்வாரமே சென்று, மறுமொழி கூறாமல் அமர்ந்து, அவர் சொல்வதைக் கேட்டு வருவோமாக.