சவேரியார் சென்ற கடலில் எட்டு நாட்கள்



ஜப்பான் என்றதும் நம் நினைவுக்கு வருபவை பூஜி மலையும், செர்ரி மலர்களும், மின்னலென விரையும் இரயிலும்தான். ஆனால் அந்நாடு உண்மையில் ஒரு பெரிய தீவுக்கூட்டம். 2023-ஆம் ஆண்டு புதிதாக எண்ணிப் பார்த்து 14,125 தீவுகள் என்று அறிவித்தார்கள். அதுவரை 6,852 என்பதே புத்தகக் கணக்கு! "தீவுகளால் ஆன நாட்டைக் கடல் வழியாகப் பார்ப்பதே முறை" என்பார் எங்கள் தந்தையார். அவர் சிறியதொரு பயணிகள் கப்பலில் பொறியாளர். அதிகாரிகளின் குடும்பத்தாருக்கு எப்போதாவது கிடைக்கும் அனுமதி இம்முறை எங்களுக்குக் கிடைத்தது. அம்மாவும், அக்காள் தம்பியாகிய நாங்கள் இருவரும் காலாண்டு விடுமுறையில் புறப்பட்டோம். பத்தாம் வகுப்பில் இப்படியொரு பயணமா என்று உறவினர் சிலர் முகம் சுளித்தனர். பாடப் புத்தகங்களும் எங்களுடன் கப்பலேறின என்பதை இங்கே தெரிவித்துக் கொள்கிறோம்.

கோபே துறைமுகத்தில் கப்பல் ஏறினோம். இக்காலத்து உல்லாசக் கப்பல்கள் பல ஆயிரம் பேரை ஏற்றிச் செல்லும் மிதக்கும் நகரங்கள். எங்கள் கப்பலிலோ பயணிகள் இருநூறு பேர்கூட இல்லை. ஆனால் சிறிய கப்பலுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. பெரிய கப்பல்கள் எட்டிப் பார்க்கவும் முடியாத சின்னஞ்சிறு துறைகளுக்குள் அது நுழைந்து விடும். அதற்கு விலையும் உண்டு. அலை சற்று உயர்ந்தாலும் தூத்துக்குடித் தோணியைப் போல ஆடும்! ஏறியவுடன் ஆபத்துக்கால ஒத்திகை நடந்தது. ஏழு முறை குறுகிய ஊதலும் ஒரு முறை நீண்ட ஊதலும் கேட்டால் உயிர்காப்பு உடையணிந்து குறிப்பிட்ட இடத்தில் கூட வேண்டும். தம்பி அன்று இரவு அந்த உடையுடனேயே தூங்கினான்.

மாலையில் அகாசிப் பாலத்தின் அடியில் கடந்தோம். இரு கோபுரங்களுக்கும் இடையே 1,991 மீட்டர்! 1998 முதல் 2022 வரை உலகத் தொங்கு பாலங்களுள் முதலிடம் வகித்தது இதுவே. அதற்கப்பால் செத்தோ உள்நாட்டுக் கடல் விரிந்தது. இருபுறமும் பச்சைப் பசேலெனத் தீவுகள். ஒன்று மறைய மற்றொன்று தோன்றும். எங்கள் ஊர்க் கடலில் கண்ணுக்கு எட்டிய மட்டும் நீர்தான். இங்கோ கடலே ஒரு தோட்டம் போல் இருந்தது. அம்மா அணியத்தில் நின்றபடி செபமாலை சொல்லி முடித்தார்.

மறுநாள் மியாஜிமா தீவில் கடலுக்குள் நிற்கும் செந்நிறத் தோரண வாயிலைக் கண்டோம். 1875-இல் மரத்தால் எழுப்பப்பட்ட அது சுமார் 16 மீட்டர் உயரம். தரையில் புதைக்கப்படாமல் தன் எடையாலேயே நிற்கிறதாம். அங்கிருந்து சிறிது தூரத்திலேயே ஹிரோஷிமா. 1945 ஆகஸ்டு 6, காலை 8.15 மணிக்கு அந்நகரில் நிகழ்ந்ததை நாம் வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம். ஆனால் குழந்தைகளின் நினைவுச் சின்னத்தருகே கண்ணாடிப் பெட்டிகளில் குவிந்து கிடந்த காகிதக் கொக்குகளைப் பார்த்தபோது, படித்தது வேறு, பார்ப்பது வேறு என்று உணர்ந்தோம். கதிர்வீச்சு நோயால் 1955-இல் தன் 12-ஆம் வயதில் மறைந்த சதாகோ சசாகி என்னும் சிறுமி மருத்துவமனையில் மடித்த கொக்குகளின் தொடர்ச்சி அவை.

நான்காம் நாள் கன்மோன் நீரிணை. ஹொன்ஷு, கியூஷு என்னும் இரு பெருந்தீவுகளுக்கு இடையே கடல் ஓர் ஆறு போல ஒடுங்குகிறது. நீரோட்டம் ஒரு நாளில் நான்கு முறை திசை மாறும். எந்தப் பக்கம் ஓடுகிறது, எத்தனை வேகம் என்பதைக் கரையிலுள்ள மின்பலகை மாலுமிகளுக்குக் காட்டிக் கொண்டே இருக்கிறது. 1185-இல் இந்த நீரிணையில் நடந்த போரில் தோற்ற தரப்பில், ஏழு வயதுகூட நிரம்பாத ஒரு சிறுவன் பேரரசனாக இருந்தான். பகைவர் கையில் சிக்காதிருக்க அவனுடைய பாட்டி அவனை அணைத்துக்கொண்டு கடலில் பாய்ந்தாள் என்பது வரலாறு. தம்பி அம்மாவின் புடவைத் தலைப்பைப் பற்றிக் கொண்டான்.

அடுத்த நாள் கொரியாவின் பூசான் துறைமுகம். ஜப்பானைச் சுற்ற வந்தவர்கள் கொரியாவுக்கு ஏன் போக வேண்டும்? பிறநாட்டுக் கொடி ஏந்திய கப்பல் ஜப்பானியத் துறைகளுக்குள் மட்டுமே பயணிகளை ஏற்றி இறக்க அந்நாட்டுச் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே இடையில் ஒரு வெளிநாட்டுத் துறையைத் தொட்டாக வேண்டும்.

தோழியரே, இதுவரை நாங்கள் வேடிக்கை பார்க்கும் பயணிகளாகவே இருந்தோம். ஆறாம் நாள் கோத்தோ தீவுகளை அடைந்தபோதுதான் இப்பயணம் எங்களைக் கேள்வி கேட்கத் தொடங்கியது.

ஜப்பானில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவே. ஆனால் ஒதுக்குப்புறமான கோத்தோ தீவுகளில் மட்டும் சுமார் 50 கோவில்கள் இருக்கின்றன. காரணம் என்ன? 1614-இல் ஜப்பானிய அரசு வேதத்தைத் தடை செய்தது. குருக்கள் நாடு கடத்தப்பட்டனர், அல்லது கொல்லப்பட்டனர். பின்னாளில், மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள் பலர் கரடுமுரடான இத்தீவுகளுக்குக் குடிபெயர்ந்தனர். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அவர்களுக்கு ஒரு குருகூட இல்லை. பூசை இல்லை, நற்கருணை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. வேதாகமம் இல்லை. ஊரில் ஒருவர் திருநாட்களின் கணக்கை நினைவில் வைத்திருப்பார். மற்றொருவர் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பார். செபங்களை வாய்மொழியாகவே தந்தை மகனுக்கும் தாய் மகளுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். இலத்தீனும் போர்த்துக்கீசியமும் கலந்த அச்செபங்களின் பொருள் தேய்ந்து போனது. ஓசை மட்டும் தேயவில்லை. பௌத்தரின் கன்னோன் தேவி சுரூபத்தை வீட்டில் வைத்து, மனத்துக்குள் அதை மாதாவாக எண்ணி வணங்கினார்கள்.

காசிராகாசிமா என்னும் குட்டித் தீவில் ஒரு கற்கோவிலைக் கண்டோம். பங்கு மக்களே கல்லை வெட்டிச் சுமந்து 1919-இல் கட்டி முடித்தது. அதை வடிவமைத்த தெத்சுகாவா யோசுகே என்பவர் பௌத்தர் என்று அறிந்து வியந்தோம். நம் ஊர்களைப் போலவே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே சென்றோம். வெள்ளை முக்காடிட்ட ஒரு பாட்டி முழந்தாளிட்டிருந்தார். அம்மா கைப்பையிலிருந்து செபமாலையை எடுத்ததும் அவர் முகம் மலர்ந்தது. "மரியா சாமா" என்று பீடத்தைக் காட்டினார். அம்மாவும் "மாதா" என்றார். வேறு ஒரு சொல்லும் இருவருக்கும் பொதுவில் இல்லை. பாட்டி அவர் மொழியில் அருள்நிறை மரியே சொல்ல, நாங்கள் தமிழில் மறுபாதியைச் சொன்னோம். பத்து மணிகளும் அப்படியே முடிந்தன.

மறுநாள் நாகசாகி. நிசிசாக்கா குன்றில் 1597 பிப்ரவரி 5 அன்று 26 பேர் சிலுவையில் அறையப்பட்டார்கள். அவர்களுள் லூயிஸ் இபராக்கி என்னும் சிறுவனுக்கு வயது 12. நம் நாட்டின் வசையில் பிறந்த கொன்சாலோ கார்சியாவும் அவர்களுள் ஒருவர். 1862-இல் அனைவரும் புனிதர்களாக உயர்த்தப்பட்டனர்.

அருங்காட்சியகத்தில் ஒரு சிறு உலோகத் தகட்டின் முன் நின்றோம். அதில் இயேசுவின் உருவம். முகம் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. தடைக்காலத்தில் ஆண்டுதோறும் மக்களை வரிசையில் நிறுத்தி இத்தகைய உருவங்களை மிதிக்கச் சொல்வார்களாம். மிதிக்க மறுத்தவன் கிறிஸ்தவன். அவனுக்குச் சித்திரவதை காத்திருக்கும். அந்த முகத்தைத் தேய்த்தவை மனிதர்களின் கால்கள்.

"அம்மா, நம்மை மிதிக்கச் சொல்லியிருந்தால்?" என்று தம்பி கேட்டான். "நான் மிதிக்கவே மாட்டேன்" என்று அவனே பதிலும் சொன்னான்.

அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "நான் மிதித்திருப்பேன் கண்ணே. உங்கள் இருவரையும் பிழைக்க வைக்க மிதித்திருப்பேன். அப்புறம் வீட்டுக்கு வந்து அழுதிருப்பேன்."

நாள் தவறினாலும் பூசை தவறாத அம்மாவா இப்படிச் சொல்வது! நாங்கள் திகைத்து நின்றோம். அந்த 12 வயதுச் சிறுவனைவிட அம்மா பலவீனமானவரா? அன்று மதிய உணவு எங்களுக்கு இறங்கவில்லை. அப்பாதான் எங்களைக் கூட்டி உட்கார வைத்து எடுத்துச் சொன்னார். மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்களுள் மிகப் பலர் அந்த உருவத்தை மிதித்தவர்களே. மிதித்துவிட்டு வீடு திரும்பி, கதவைச் சாத்தி, உத்தம மனஸ்தாப மந்திரம் சொல்லி மன்னிப்புக் கேட்டார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்கக் குரு இல்லாததால் அந்த ஒரு செபத்தையே உயிரினும் மேலாகக் காத்தார்கள். "மிதிக்காமல் இறந்தவர்கள் வேதத்துக்குச் சாட்சி சொன்னார்கள். மிதித்து அழுதவர்கள் அந்த வேதத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்தார்கள். நேற்று உங்களோடு செபம் சொன்ன பாட்டி யாருடைய பேத்தி என்று நினைக்கிறீர்கள்?" என்றார்.

பிற்பகலில் ஊரா கோவிலுக்குப் போனோம். ஏழு தலைமுறைக்குப் பின் பெரிய கப்பலில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்கள் வருவார்கள் என்று பாஸ்தியான் என்னும் உபதேசியார் முன்னுரைத்ததாக ஒரு மரபு உண்டு. 1865 மார்ச் 17 அன்று, வெளிநாட்டவருக்காகப் புதிதாகக் கட்டப்பட்ட இக்கோவிலின் வாசலில் உரகாமி கிராமத்தார் சிலர் வந்து நின்றார்கள். பிரெஞ்சுக் குருவான பெத்தித்ஜான் அடிகளாரிடம் ஒரு பெண் நெருங்கி, தங்கள் உள்ளமும் அவருடைய உள்ளமும் ஒன்றே என்று தாழ்ந்த குரலில் சொல்லி, மாதா சுரூபம் எங்கே என்று கேட்டாள். அந்தச் சுரூபம் இன்றும் அங்கே இருக்கிறது.

துன்பம் அத்துடன் தீரவில்லை. உரகாமி மக்கள் 3,000 பேருக்கு மேல் ஊரைவிட்டு ஜப்பானின் பிற பகுதிகளுக்குக் கடத்தப்பட்டனர். 1873-இல் தடை நீங்கித் திரும்பியவர்கள் ஒரு நிலத்தை வாங்கிக் கோவில் கட்டினார்கள். எந்த நிலம் தெரியுமா? உருவத்தை மிதிக்க ஆண்டுதோறும் தாங்கள் வரிசையில் நின்ற ஊர்த்தலைவர் வீட்டு நிலம்! மிதித்த இடத்திலேயே முழந்தாளிட்டார்கள்.

அந்தக் கோவிலிலிருந்து சுமார் 500 மீட்டர் தொலைவில்தான் 1945 ஆகஸ்டு 9, முற்பகல் 11.02 மணிக்கு அணுகுண்டு வெடித்தது. விமானம் முதலில் குறி வைத்த ஊர் கோக்குரா. அங்கே தரை தெரியாததால் நாகசாகிக்குத் திரும்பியது. உரகாமிப் பங்கின் சுமார் 12,000 பேரில் 8,500 பேர் மாண்டார்கள். கோவிலில் பாவசங்கீர்த்தனத்துக்குக் காத்திருந்தவர்களும், கேட்டுக் கொண்டிருந்த குருக்களும் அதில் அடக்கம். மருத்துவர் நாகாய் தகாசி தம் வீட்டுச் சாம்பலில் மனைவியின் எலும்புகளையும் உருகிய செபமாலையையும் கண்டெடுத்தார். பின்னர் அவர் நோயுற்றுப் படுத்திருந்த குடிசையைப் பார்த்தோம். இரண்டு பாய் விரிக்கும் இடம்தான்.

இருநூறு ஆண்டுகள் தப்பிப் பிழைத்தவர்களை ஒரு நொடி அழித்ததே, அதுவும் கிறிஸ்தவர்கள் வாழும் நாட்டின் குண்டு அழித்ததே, ஏன் என்று கேட்டோம். அப்பாவிடமும் பதில் இல்லை. பீடத்தில் வைக்கப்பட்டிருக்கும் கருகிய மாதாவின் முகத்தில் கண்கள் இல்லை. அங்கே இரு குழிகள் மட்டுமே இருந்தன.

கோவிலின் இரு மணிகளில் ஒன்று இடிபாடுகளில் முழுதாகக் கிடைத்தது. மற்றொன்றின் இடம் எண்பது ஆண்டுகள் வெறுமையாக இருந்தது. அணுகுண்டுத் திட்டத்தில் பணிபுரிந்த மருத்துவர் ஒருவரின் பேரன் முன்நின்று அமெரிக்கக் கத்தோலிக்கரிடம் நிதி திரட்ட, புதிய மணி வந்து சேர்ந்தது. 2025 ஆகஸ்டு 9 அன்று 11.02 மணிக்கு இரு மணிகளும் சேர்ந்து ஒலித்தன.

எட்டாம் நாள் ககோசிமா. விரிகுடாவின் நடுவே சக்குராஜிமா எரிமலை புகை கக்கிக் கொண்டிருந்தது. நம் முத்துக்குளித்துறையில் தமிழில் செபம் கற்பித்த புனித சவேரியார், மலாக்காவிலிருந்து ஒரு சீன மரக்கலத்தில் புறப்பட்டு இங்கேதான் கரையிறங்கினார். அந்நாள் 1549 ஆகஸ்டு 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள். எங்கள் பாட்டியார் கற்ற செபமும், கோத்தோத் தீவுப் பாட்டியின் செபமும் ஒரே மனிதரின் வாயிலிருந்து புறப்பட்டவை என்று எண்ணியபோது உடல் சிலிர்த்தது.

மிதித்திருப்போமா, மாட்டோமா என்பதற்கு எங்களிடம் இன்னும் விடை இல்லை. தம்பி தன் கட்சியை மாற்றிக் கொள்ளவில்லை, அம்மாவும்தான். அந்தச் சோதனை யாருக்கும் வராதிருக்க வேண்டும் என்பதே எங்கள் மன்றாட்டு. ஆனால் எங்களால் இயன்ற ஒன்று உண்டு. இல்லம் திரும்பியது முதல் மாலைச் செபத்தில் புத்தகத்தையும் கைபேசியையும் தள்ளி வைத்துவிட்டோம். உத்தம மனஸ்தாப மந்திரத்தை மனப்பாடமாகச் சொல்கிறோம். தம்பி இடையில் தடுமாறும்போது அம்மா அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்கிறார்.