கன்வெர்ட் ஆகிட்டு இருக்கு

கல்யாண வீடியோ எப்போது கிடைக்கும் என்று பெண்ணின் அப்பா போன் செய்தால், "கன்வெர்ட் ஆகிட்டு இருக்கு சார்" என்று சொல்லிவிடுவேன். பாதி நேரம் அது உண்மையும்கூட.

முன்பெல்லாம் எங்களுக்கு வந்தவை பெரும்பாலும் ஏவிசிஎச்டி ஃபைல்கள். 2006-இல் சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து அறிவித்த முறை. அதில் அரை விநாடிக்கு ஒன்று என்ற அளவில்தான் முழுப் படம் இருக்கும். இடைப்பட்ட பிரேம்களில் என்ன மாறியது என்ற கணக்கு மட்டுமே. ஓடவிட்டுப் பார்க்கச் சிக்கலில்லை. கெட்டிமேளத்தில் முதல் முடிச்சு விழும் பிரேமைத் தேடி முன்னும் பின்னும் இழுத்தால்தான் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு முழுப் படத்திலிருந்து கணக்குப் போட்டு அந்த இடத்துக்கு வந்தாக வேண்டுமே. அதனால்தான் ஆப்பிளின் ப்ரோரெஸுக்கு மாற்றுவது; அதில் ஒவ்வொரு பிரேமும் தன் காலில் நிற்கும். அதற்கான விலை ஹார்ட் டிஸ்கில் தெரியும்: மணிக்குச் சுமார் 11 ஜிபி இருந்தது, ப்ரோரெஸ் 422-இல் 55 ஜிபி ஆகிவிடும்.

மாற்றினால் படம் பளிச்சென்று ஆகும் என்று எங்கள் ஸ்டுடியோ முதலாளி கடைசிவரை நம்பினார். கேமரா பதிவு செய்யாத நிறத்தை எந்த கன்வெர்ட்டர் கொண்டுவரும்? அண்டாவில் ஊற்றினால் பால் கூடிவிடுமா? மாற்றுவது படத்துக்காக அல்ல, வெட்டுகிறவன் கைக்காக.

ஒருமுறை கேமராக்காரத் தம்பி கார்டிலிருந்து வீடியோ இருக்கும் எம்டிஎஸ் ஃபைல்களை மட்டும் பொறுக்கி பென் டிரைவில் தந்தான். நீளமான ஷாட்டை கேமரா கார்டில் துண்டுதுண்டாகத்தான் எழுதும். எதன் பின் எது என்ற விவரம் பக்கத்து ஃபோல்டர்களில் இருக்கும். அவை இல்லாததால் ஃபைனல் கட் 7 ஏற்கவே இல்லை. வேறு சாஃப்ட்வேரில் தனித்தனியாக மாற்றி ஒட்டினால், ஒட்டிய இடத்தில் நாதஸ்வரம் விக்கியது. அன்றுமுதல் முழு கார்டும் வராமல் வேலையைத் தொடுவதில்லை.

இப்போதைய கேமராக்களில் எச்.265, 10 பிட், 4:2:2. புது கிராஃபிக்ஸ் கார்டு போட்ட மெஷின்கூடச் சிலசமயம் தடுமாறுகிறது, காரணம் 4:2:2-ஐப் பிரிக்கும் வசதி பல கார்டுகளில் இல்லை. அதனால் ராத்திரி ப்ராக்ஸி, அதாவது வெட்டுவதற்கான லேசான நகல், போட்டுவிட்டுப் போய்விடுவேன். பெயர், டைம்கோடு, ஆடியோ சேனல் மூன்றும் ஒத்திருந்தால், கலர் பார்க்கும்போது ஒரிஜினலுக்கு மாறிக்கொள்ளலாம். வெட்டி முடித்ததும் ப்ராக்ஸியை அழித்துவிடுவேன். ஒரிஜினலை அழிப்பதில்லை; வளைகாப்பு வீடியோ பேச வரும்போது கல்யாணத்தில் விட்டுப்போன அத்தையைக் கேட்பார்கள்.