தாயேடு சொல்லாதது

ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பழகியவருக்குத் தாவரவியலார் செய்யும் ஒரு வேலை அந்நியமாகத் தோன்றாது. இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை காணப்படின், அவை ஒரு தாயேட்டின் வழிவந்தவை எனப் பதிப்பாசிரியர் ஐயுறுவர். நெருங்கிய உறவுடைய மரவினங்களின் பச்சையவுருமணிகளை ஒப்பிடுவோரும் இதனையே செய்கின்றனர்.

இலைக்குப் பசுமை தரும் அவ்வுருமணிக்குள், கருவிலுள்ளதற்குப் புறம்பாக, தனியானதொரு டி.என்.ஏ. உண்டு. புகையிலையில் அது 1986 இல் முழுமையாக வாசிக்கப்பட்டது. ஏறத்தாழ 155,000 எழுத்துகள். பூக்குந் தாவரங்களிற் பெரும்பாலானவற்றில் அது தாய்மரத்திலிருந்து மட்டுமே வருகின்றது. மகரந்தத்துக்கு அதிற் பங்கில்லை. இரு பாடங்கள் கலவாத ஏடு! அதனை முற்றாக நம்பிவிடும் ஆசை எழுவதும் இயல்பே.

அந்த ஆசைக்குத் தடையாக நிற்பது பசிபிக் சமுத்திரத்திலுள்ள நியூ கலிடோனியாத் தீவு. நம் வன்னிக் காட்டுக் கருங்காலியும், வலைக்குத் துவரேற்றக் காய் தந்த பனிச்சையும் அடங்கிய டயஸ்பைரோஸ் சாதியில், ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய இருபதுக்கு மேற்பட்ட இனங்கள் அங்குள்ளன. இலையாலும் வளரும் நிலத்தாலும் வேறுபடும் இவற்றின் பச்சையவுருமணி டி.என்.ஏ. முழுவதும் ஒப்பிடப்பட்டு 2016 இல் முடிவு வெளியாயிற்று. வேறுபாடுகள் மிகச் சொற்பம். அன்றியும், ஓரினத்து மரங்கள் சில ஒன்றையொன்று பிரிந்து நின்றன. ஒரே பகுதியில் வளரும் வேற்றினங்கள் அருகருகே நின்றன.

காரணம் இரண்டு கூறலாம். அயலிலுள்ள இரு இனங்கள் கலந்து, பின் வந்த தலைமுறைகள் தந்தையினத்தோடு மீண்டும் மீண்டும் சேருமாயின், உருவம் தந்தையினத்ததாகவும் உருமணி தாயினத்ததாகவும் எஞ்சும். அல்லது, இனங்கள் அண்மையிற் பிரிந்தமையால், மூதாதையரிடமிருந்த பல பாடங்கள் இன்னும் இனவாரியாக ஒதுங்காதிருக்கலாம். எதுவாயினும், அந்த ஏடு மரத்தின் இனத்தைக் காட்டிலும் ஊரையே நன்றாகச் சொல்கின்றது.

பெயரில் இத்துணை அக்கறை ஏன் என வினவுவோர் அத்தீவின் நிக்கல் சுரங்கங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வினங்களுட் சில மிகச் சிறிய நிலப்பரப்பிலேயே வாழ்வன. பச்சையவுருமணி ஒன்றையே சான்றாகக் கொண்டு 'எல்லாம் ஒன்றே' என எழுதிவிட்டால், ஒரு குன்று அகழப்படும்போது அழிவது ஓரினம் என்று எவரும் கணக்கெடுக்கார். இரு வழியும் வரும் கருவின் டி.என்.ஏ.யை ஆராய்ந்தபோதோ, அவற்றுட் பெரும்பாலானவை தனித்தனி இனங்களாகவே பிரிந்து நின்றன.