இரண்டு கால்

கோழிக்கு இரண்டு கால். கீரப்பாளையத்தில் எங்கள் வீட்டில் ஆண்கள் மூன்று பேர்: தாத்தா, அப்பா, தம்பி. அம்மா அந்தக் கணக்கைக் குழம்புச் சட்டிக்குள்ளேயே முடித்துவிடுவார். எனக்கு இறக்கை, அவருக்குக் கழுத்து. "கழுத்துதான் எனக்குப் புடிக்கும்" என்பார். நானும் நம்பினேன்.

போன தீபாவளிக்கு முதன்முறையாக முழுக்கோழி செய்தேன். ஒன்றேகால் கிலோ. தயிர், மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு தடவி ஃப்ரிட்ஜில் 4 மணி நேரம் ஊறவைத்தேன். வயிற்றுக்குள் வதக்கிய வெங்காயமும் இரண்டு அவித்த முட்டையும். இறுக்கித் திணிக்கக் கூடாது. உள்ளே சூடு ஏறாது. காலை நூலால் கட்டி, அடிகனமான சட்டியில் மூடி, சிறுதீயில் திருப்பித் திருப்பி ஒன்றேகால் மணி நேரம். தொடையின் தடித்த இடத்தில் குத்தினால் நீர் தெளிவாக வர வேண்டும்; ரத்தம் கலந்திருந்தால் இன்னும் வேக வேண்டும். சட்டியில் இறங்கிய சாற்றில் சின்ன வெங்காயமும் மிளகும் போட்டுக் கொதிக்கவிட்டதுதான் குழம்பு.

முழுசாக நடுவில் வைத்ததால் எல்லோர் கண்ணெதிரேதான் பங்கு போட வேண்டியிருந்தது. முதல் காலை அம்மா தட்டில் வைத்தேன். அவர் அதைத் தம்பி தட்டுக்கு மாற்றினார். நான் திரும்ப எடுத்து வைத்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

சாப்பிட்டுவிட்டு அம்மா சொன்னார்: "இதுக்குப் பல்லே வேணாம் போலிருக்கே."

அம்மாவுக்கு 61 வயது.